ஈச்சந்திட்டு ஓடிய நாலு ஓட்டம்

துபாசி சுப்பராயலு ஏட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஈச்சந்திட்டா? அது எப்பலேர்ந்து ஊராச்சு?"

இருசம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை. விடியலில் தோணி ஏறி, ஏரியைக் கடந்து, வெயில் உச்சிக்கு வரும்வரை கோட்டை வாசலில் காத்துக் கிடந்தது இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவதற்கா?

"இருபத்திரெண்டு வூடு கீது, ஐயா. கன்னிம்மா கோயிலு கீது. பொறக்கறோம், சாவறோம். ஊருன்னா வேற இன்னா வோணும்?"

துபாசி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒல்லாந்தர் பேசுவதைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லி, நம் ஆட்கள் பேசுவதை அவர்களுக்குச் சொல்லிப் பிழைக்கிற மனிதர். யார் எதற்கு வருகிறார்கள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மாசிப் பந்தயத்துக்கு ஆள் சேர்க்க வருகிறவர்கள் ஊர்ப் பெரியவர்களாக இருப்பார்கள். ஒரு பெண்பிள்ளை வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஓடப்போறது யாரு?"

"எங்க வூட்டுக்காரரு. பூபதி."

பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்த நாளிலிருந்து ஒல்லாந்தர் தங்கள் ராசா பேரைச் சொல்லி வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பந்தயத்தை நடத்தி வந்தார்கள். முகத்துவாரத்து மணல்மேட்டில் தொடங்கி, கடலோரமாகவே ஓடிவந்து, ஓடைச் சேற்றில் இறங்கி ஏறி, கோட்டை வாசலில் நட்டிருக்கும் கம்பத்தைத் தொடவேண்டும். வெள்ளைச் சிப்பாய்களில் ஒருவன், சாவகத்திலிருந்து வந்த சிப்பாய்களில் ஒருவன், பட்டணத்து மரைக்காயர்கள் நிறுத்துகிற ஆள் ஒருவன், காட்டூருக்கு ஒருவன், பொன்னேரிக்கு ஒருவன், கடலோரக் குப்பங்களுக்குக் குப்பத்துக்கு ஒருவன் என்று பதினோரு பேர் ஓடுவார்கள். கட்டியக்காரன் ஒவ்வொரு பேராகக் கூவுவான். கூவிய பேருக்கு உரியவன் கோட்டில் வந்து நிற்பான். ஈச்சந்திட்டின் பேரை யாரும் ஒருநாளும் கூவியதில்லை.

குப்பங்களில் பெரியது மேட்டுக்குப்பம். அதன் ஓட்டக்காரன் திருவேங்கடம் மூன்று தடவை முதலாவதாக வந்து பரிசான சிவப்புச் சகலாத்துக் கம்பளியை வாங்கியவன். இருசம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் அவன்தான்.

அப்பன் சாகுமுன் வாக்குக் கொடுத்துவிட்டான் என்பதற்காகத்தான் தங்கையை ஏரி நடுவிலிருக்கும் இந்தத் தீவுக்குக் கட்டிக்கொடுத்தான் திருவேங்கடம். மனசோடு கொடுக்கவில்லை. கடலில் போகிறவர்களுக்கு ஏரியில் நிற்கிறவர்கள் இளப்பம். அதிலும் திட்டில் இருப்பவர்கள் இன்னும் இளப்பம். போன மாதம் அப்பனுடைய திவசத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போயிருந்தார்கள். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் திருவேங்கடம் பூபதியின் இலையை மட்டும் எடுத்து, கொட்டகைக்கு வெளியே நண்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் போட்டான்.

"எந்தங்கச்சிய ஒரு ஊருக்குக் குடுக்கலப்பா, நண்டு வளைக்குக் குடுத்தோம்" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. பூபதி அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தான். இருசம்மாள் சாப்பிடவில்லை.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தது.

துபாசி எழுத்தாணியை எடுத்தார். "எழுதிக்கறேன். ஆனா ஒண்ணு. ஏட்டுல ஏறின ஊரு, ஏறின ஊருதான். அப்புறம் எடுத்துடுன்னு வந்து நிக்கப்படாது."

"எடுக்கறதுக்கா வந்தேன்?" என்றாள் இருசம்மாள்.

முதல் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டியக்காரன் கடைசியாக "ஈச்சந்திட்டு" என்று கூவியபோது கூட்டத்திலிருந்து ஒருவன், "நண்டு வருது, வழி விடு" என்றான். பூபதி கோட்டுக்குப் பக்கவாட்டில் நடந்து வந்து நின்றான். அவனுக்குச் சேற்றில் நடந்துதான் பழக்கம். இடுப்பளவு தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு நாள் பூரா நடப்பான். காய்ந்த மணல் அவன் காலுக்குப் பிடிபடவில்லை. அரைத் தூரம் வருவதற்குள் மற்ற பதினோரு பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவன் கோட்டை வாசலுக்கு வந்தபோது பந்தயம் முடிந்துவிட்டதென்று கம்பத்தைப் பிடுங்கி ஒரு கூலியாள் தோளில் வைத்துப் போய்க்கொண்டிருந்தான். பூபதி அவன் பின்னாலேயே ஓடி, தோளிலிருந்த கம்பத்தைத் தொட்டுவிட்டு நின்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த வருஷமும் சகலாத்து திருவேங்கடத்துக்குத்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை நிற்கிற பக்கமாகவே வந்தான். "ஒங்க ஊரு பேரு நல்லா கேட்டுச்சும்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

தோணியில் திரும்பும்போது பூபதி துடுப்பை நிறுத்தி, "போதுமா?" என்றான்.

"மணல்ல ஓடிப் பழகு" என்றாள் அவள்.

ஈச்சந்திட்டைச் சுற்றி மணல் இருப்பது தெற்குப் பக்கத்தில் மட்டும்தான், இருநூறு எட்டு வரும். பூபதி வலை இழுத்துவிட்டு வந்ததும் அந்த இருநூறு எட்டில் முன்னும் பின்னுமாக ஓடினான். தீவுக்காரர்களே சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா, "ஏண்டி, அந்தாளுக்குப் பேதி மருந்து எதுனா குடுத்தியா?" என்று கேட்டாள். அவன் நிறுத்தினால் இருசம்மாள், "இன்னும் வெயிலு கீது" என்பாள். அவ்வளவுதான். அவனும் ஓடுவான். அவனுக்கு அந்த வாழையிலை மறந்துவிடவில்லை, வாயால் சொல்லத்தான் மாட்டான்.

இரண்டாம் வருஷம் ஏழாவதாக வந்தான். காட்டூர்க்காரன், பொன்னேரிக்காரன், இரண்டு குப்பத்துக்காரர்கள், மரைக்காயர்களின் ஆள் எல்லாரும் அவனுக்குப் பின்னால். ஓடைச் சேற்றில் இறங்கினபோதுதான் மற்றவர்கள் கால் புதைந்து திணற, அவன் வாத்துப்போல ஏறிப் போனான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் தீவுக்காரர்கள் கழி ஊன்றிக் கட்டியிருந்த வலைகளைப் பார்க்கப் போனபோது ஏழு வலைகள் அறுபட்டுக் கிடந்தன. கணக்காக ஏழு. யார் செய்ததென்று தெரியவில்லை. தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

தீவுக்குப் பெரியவர் ஆதிநாராயணன் இருசம்மாளை வீட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசினார். "ஒங்க அண்ணந்தங்கச்சி சண்டைக்கு ஊரு வலை அறுபடணுமா?"

"வலைய நானா அறுத்தேன், நைனா? அறுத்தவன கேளு."

"அறுத்தவன் காதுல உழறாப்ல கேக்க நமக்கு வக்கு இல்ல."

"அதுக்குத்தான் ஓடறாரு" என்றாள்.

கிழவர் உள்ளே போய்விட்டார். அந்த ஏழு வலையையும் இருசம்மாள் தானே உட்கார்ந்து முடிந்து கொடுத்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. முடியும்போது அண்ணனை வைதுகொண்டே முடிந்தாள், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வசவு.

மூன்றாம் ஓட்டம்தான் எல்லாரும் இன்றைக்கும் சொல்கிற ஓட்டம். மணல்மேட்டிலிருந்து கிளம்பியதுமே சாவகச் சிப்பாய் முன்னால் போய்விட்டான். ஒல்லியான ஆள், தரையில் கால் படுகிறதா என்று சந்தேகம் வரும்படி ஓடினான். அவனுக்குப் பின்னால் திருவேங்கடம். திருவேங்கடத்துக்கு ஒரு பத்து எட்டுப் பின்னால் பூபதி. இருசம்மாள் ஓடைக்கரையில் நின்றிருந்தாள். எது நடந்தாலும் சேற்றில்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஓடையில் இறங்கியதும் பூபதி அவள் அண்ணனை எட்டிப் பிடித்தான். தோளோடு தோளாக வந்தபோது திருவேங்கடம் கையை நீட்டி அவன் இடுப்புத் துணியைக் கெட்டியாகப் பிடித்தான். இரண்டு பேரும் ஒரு கணம் சேற்றில் அப்படியே நின்றார்கள்.

"உடு மச்சான்" என்றான் பூபதி.

"வளைக்குப் போ" என்றான் திருவேங்கடம்.

பூபதி இழுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துத் துணியை அவன் கையிலேயே விட்டுவிட்டு, கோவணத்தோடு கரையேறி ஓடினான். பிடித்திருந்த வேகத்தில் திருவேங்கடம் மல்லாந்து விழுந்தான். எழுந்து சேற்றை வழிக்கும்போது அவன் முகம் இருசம்மாளுக்கு நேராகத் திரும்பியது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

சாவகன் முதலில் கம்பத்தைத் தொட்டான். பூபதி இரண்டாவது. கட்டியக்காரன் ஈச்சந்திட்டின் பேரை இரண்டாவதாகக் கூவினான். கோட்டைத் தலைவன் தன் கையாலேயே ஒரு தலைப்பாகைத் துணியை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது துபாசியிடம் ஏதோ கேட்டான். துபாசி ஏரிப் பக்கம் கையைக் காட்டிப் பதில் சொன்னார். கோட்டைத் தலைவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. தீவுக்காரர்கள் பூபதியைத் தூக்கிக்கொண்டு தோணிக்குப் போனார்கள். போன வருஷம் ஏசிய ஆதிநாராயணனே தலைப்பாகையை அவனுக்குக் கட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் குடிதண்ணீருக்குப் போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள்.

ஈச்சந்திட்டில் நல்ல தண்ணீர் கிடையாது. எங்கே தோண்டினாலும் உப்புத்தான். மேட்டுக்குப்பத்துக்கு வெளியே மணல் மேட்டில் ஒரு கிணறு இருந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தீவுக்காரர்கள் அங்கேதான் தண்ணீர் எடுத்தார்கள். அந்தக் கிணற்றின் வாயில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு மூடியிருந்தார்கள். முள்ளுக்குப் பக்கத்தில் கழியோடு ஆள் உட்கார்ந்திருந்தான்.

இருசம்மாள் தோணியை அவிழ்த்துக்கொண்டு தனியாகவே போனாள். கிணற்றடியில் திருவேங்கடமே நின்றிருந்தான். இரண்டு வருஷமாக அவன் அவளிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினான்.

"மருந்துக் கொட்டில் தெரியுமா ஒனக்கு?"

கோட்டைக்குப் பின்னால் ஒல்லாந்தர் வெடிமருந்து அரைக்கிற கொட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். காற்று திரும்பினால் தீவுவரைக்கும் கந்தக நாற்றம் வரும்.

"எங்க குப்பத்துலேர்ந்து வருஷத்துக்கு ஆறு பேரு அங்க போறான். வெடியுப்பு மூட்ட தூக்கறதுக்கு. ஏட்டுல பேர் கீற ஒவ்வொரு ஊரும் ஆள் குடுக்கணும். போன வருசம் அதுல ரெண்டு பேரு திரும்பி வர்ல, கரிக்கட்டையா எடுத்தாங்க. நீங்க அப்ப இன்னா பண்ணிட்டிருந்தீங்க? ஏரி நடுவுல உக்காந்து மீன் புடிச்சித் துன்னுட்டிருந்தீங்க. ஊரு இல்லன்னு ஒருத்தனும் கேக்கல. அந்த நோவு எதுவும் வேணாம், பேரு மட்டும் கூவணும். மூட்ட தூக்கறவன சேத்துல தள்ளணும். அப்பிடித்தானே?"

இது இருசம்மாளுக்குத் தெரியாது. திவசத்தில் இலையை வெளியே எறிந்ததற்குப் பின்னால் இப்படியும் ஒரு கோபம் இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை. ஆனால் இறங்கிப் பேச அவளுக்கு வராது.

"இத்த ரெண்டு வருசம் முன்ன என்னாண்ட சொல்லியிருந்தா?"

"நண்டுகிட்ட இன்னா பேச்சு" என்றான் திருவேங்கடம்.

அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். அதற்குப்பின் தீவுப் பெண்கள் காட்டூர்ப் பக்கம் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். போய்வர அரைநாள். எதிர்க்காற்றானால் முழுநாள். கொண்டுவந்த தண்ணீரும் சப்பென்றிருக்கும். குப்பம்மா இருசம்மாளோடு ஒரே தோணியில் ஏறமாட்டேன் என்றாள். "ஒம் புருசன் தலைப்பாகைய பிழிஞ்சி குடி" என்று ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

இரண்டு வருஷம் ஏட்டில் சும்மா கிடந்த பேர் கோட்டைத் தலைவனின் கண்ணில் பட்டுவிட்டது. ஐப்பசியில் கோட்டையிலிருந்து ஆள் வந்தான். ஈச்சந்திட்டு ஊரிலிருந்து நாலு பேர், மாசி முடியும்வரை, மருந்துக் கொட்டிலுக்கு.

கன்னிம்மா கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். எல்லாரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். அது வசவைவிடக் கொடுமையாக இருந்தது. பூபதிதான் முதலில் எழுந்தான். "எம்பேரு போட்டுக்க" என்றான். அடுத்து அங்கமுத்து என்று ஒரு கட்டைப் பிரம்மச்சாரி எழுந்தான். மற்ற இரண்டு பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.

மறுநாளே இருசம்மாள் துபாசி முன்னால் போய் நின்றாள்.

"பேர எடுத்துடுங்க, ஐயா. இனிமே ஓடமாட்டோம்."

"ஓடினாலும் ஊருதான், ஓடலன்னாலும் ஊருதான்" என்றார் சுப்பராயலு. கோபமில்லாமல்தான் சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"எதுக்குன்னு சொல்லலையே."

"நீ கேக்கலையே."

பூபதி கொட்டிலுக்குப் போனான். வாரத்துக்கு ஒருநாள் அவள் சோறு கட்டிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியிலிருந்து கொடுப்பாள். மூன்றாம் வாரத்திலேயே அவன் இருமல் மாறிவிட்டது. துப்பினால் கறுப்பாக விழுந்தது. இடது முழங்கையில் ஒரு நெருப்புக் காயம். எப்படி என்று கேட்டதற்கு, "பட்டுது" என்றான். அதே வேலிக்குள் மேட்டுக்குப்பத்து ஆறு பேரும் இருந்தார்கள். அந்த வருஷம் ஆறில் ஒருவனாகத் திருவேங்கடமே வந்திருந்தான். மச்சானும் மச்சானும் ஒரே மூட்டைக்கு இரண்டு முனையில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பேச்சுவார்த்தை கிடையாது.

மாசி வந்தது. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டக்காரர்களை ஒருநாள் வெளியே விட்டார்கள்.

"போவாத" என்றாள் இருசம்மாள். மூன்று வருஷம் அவனை விரட்டி விரட்டி ஓடவைத்த வாய் அது. "பேரு வந்து கிழிச்சது போதும்."

பூபதி இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "ஆளையும் குடுத்துட்டு, கோட்டுல நிக்காமயும் போவணுமா? இத்தினி நாளு நீ சொன்னே, ஓடினேன். இன்னிக்கி நானா ஓடறேன். நீ இரு."

ஒன்பதாவதாக வந்தான். மணலில் மூன்று தடவை நின்று இருமினான். சேற்றில் இறங்கினபோது பழைய கால் வந்தது. ஆனால் கரையேறினதும் மூச்சு வரவில்லை. திருவேங்கடமும் தேறவில்லை, ஆறாவதாக வந்தான். கம்பத்தைத் தொட்டுவிட்டுக் குனிந்து துப்பினான். அதுவும் கறுப்பு. அந்த வருஷம் சகலாத்து ஒரு வெள்ளைச் சிப்பாய்க்குப் போயிற்று.

கூட்டம் கலையும்போது இருசம்மாள் தோணியில் கிடந்த இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப்பத்துக் கிணற்றுக்கு நடந்தாள். காவல்காரன் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். முள்ளு மட்டும் கிடந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கையாலேயே ஒவ்வொரு கிளையாக இழுத்துப் போட்டாள். பாதி இழுத்தபோது குப்பத்துப் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் திருவேங்கடம், இன்னும் காலில் சேறு காயாமல்.

"கை வெக்காத" என்றான்.

"வெச்சிட்டேன்."

"இது எங்க கெணறு."

"கொட்டில்ல நீ தூக்கற மூட்டைக்கு அந்தாண்ட முனையப் புடிக்கறது யாரு? ஒன் ஊரா?" அவள் குரல் உயரவில்லை. "ஆள் குடுக்கலன்னு தண்ணிய மூடினே. சரி, ஞாயம். இப்ப நாலு பேரு குடுத்துட்டோம். இனிமே இன்னா சொல்லி மூடுவே? நண்டுன்னு சொல்லியா? சொல்லு. கொட்டிலுக்குள்ள போயி எங்க வூட்டுக்காரரு முன்னாடி மூட்டய வெச்சிட்டு சொல்லு."

திருவேங்கடம் அவள் கையைப் பார்த்தான். முள் கிழித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குப்பத்துப் பெண்களில் ஒருத்தி, பவுனம்மாள், அவன் பெண்டாட்டிதான், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ரெண்டு கொடம்" என்றான்.

"வூட்டுக்கு ரெண்டு" என்றாள் இருசம்மாள்.

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. திரும்பிக் கோட்டைப் பக்கம் நடந்தான். பொழுது சாயுமுன் கொட்டிலுக்குத் திரும்பவேண்டும். பெண்கள் ஒருத்தியும் அவளுக்கு வாளி கொடுக்கவில்லை, கயிறும் கொடுக்கவில்லை. அவள் கையோடு கொண்டுவந்திருந்த வலைக்கயிற்றைக் குடத்தின் கழுத்தில் கட்டி இறக்கினாள்.

மறுநாள் தீவிலிருந்து ஆறு தோணிகள் வந்தன. கிணற்றில் முள் இல்லை. குப்பம்மாவும் வந்திருந்தாள். இருசம்மாளோடு பேசவில்லை, ஆனால் அவள் தோணியில் ஏறி வந்திருந்தாள்.

அண்ணனும் தங்கையும் அதற்குப்பின் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்கவில்லை. மாசி முடிந்து பூபதி வீடு திரும்பினான். இருமல் கடைசிவரை போகவில்லை. அடுத்த வருஷம் கட்டியக்காரன் ஈச்சந்திட்டின் பேரைக் கூவியபோது அங்கமுத்து கோட்டில் போய் நின்றான்.